பொம்மை லைன்

பிள்ளைகளா, கரண்டு போனதும் நான் இருட்டில் தடவிக்கொண்டு போய் மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு வருவதைப் பார்த்து நீங்கள் சிரிக்கிறீர்கள். "போன கரண்டை அப்பா பூட்டி வைக்கப் போறாக" என்று சின்னவள் சொன்னது என் காதிலும் விழுந்தது. நம் வீட்டில் சொந்தமாகக் கரண்டு எடுக்கும் எஞ்சின் கிடையாது. அதனால் நான் ஸ்விட்சை இறக்குவதில் யாருக்கும் பிரயோசனமும் கிடையாது. இருந்தும் இறக்குகிறேன். அது ஏன் என்று எழுதி வைக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது, கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் திருத்தங்கல் அத்தையின் வீட்டுக்காரரை நீங்கள் யாரும் பார்த்ததில்லை. உங்களுக்கு மாமா, எனக்கு மாப்பிள்ளை. அவர் லைன்மேன். கம்பத்தில் ஏறிக் கம்பி வேலை பார்ப்பவர். நான் சிவகாசிக்கு வெளியே சப்ஸ்டேஷனில் ஸ்விட்ச் பார்ப்பவன். அவர் ஏற வேண்டுமானால் நான் கரண்டை நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டேன் என்று நான் வாயால் சொன்ன பிறகுதான் அவர் காலைக் கம்பத்தில் வைக்க வேண்டும். அந்தச் சொல்லுக்கு லைன் கிளியர் என்று பெயர். ஒரு கம்பிக்கு இந்தப் பக்கம் பெண்ணின் அண்ணன், அந்தப் பக்கம் பெண்ணின் புருஷன். ஆபீசில் இதைச் சொல்லியே எங்களைக் கேலி செய்வார்கள்.

எங்கள் சப்ஸ்டேஷனின் பின்னறையில் ஒரு பெரிய பலகை உண்டு. அதைச் செய்தவர் எங்கள் இன்ஜினியர். கும்பகோணத்துப் பக்கத்துக்காரர். விருதுநகர் ஆபீசிலிருந்து ஜீப்பில் வருவார். பலகையில் ஆணியடித்து, செம்புக் கம்பி இழுத்து, எங்கள் லைன் முழுவதையும் சின்னதாகச் செய்து வைத்திருந்தார். சிவகாசிக்கு ஒரு டார்ச் பல்பு, விஸ்வநத்தத்துக்கு ஒரு டார்ச் பல்பு, எம். புதுப்பட்டிக்கு ஒன்று, திருத்தங்கலுக்கு ஒன்று. கரண்டுக்குப் பதில் கார் பாட்டரி. புதிதாக வேலைக்கு வருபவர்கள் நிஜ ஸ்விட்சைத் தொடுமுன் இதில் பழக வேண்டும். அதில் அவர் வைத்த சட்டம் ஒன்றுதான். நிஜத்தில் ஒரு காரியத்துக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ, பலகையிலும் அவ்வளவு நேரம் எடுக்க வேண்டும். லைன்மேன் சைக்கிளில் போகும் நேரத்தைக்கூட விடமாட்டார். சுவரில் கடிகாரம் ஓடும், நாங்கள் சும்மா உட்கார்ந்திருப்போம்.

"அவசரப்பட்டு முடிச்சிட்டா அது கணக்குப் பாடம். நேரத்தோட செஞ்சாதான் லைன்" என்பார் இன்ஜினியர்.

நாங்கள் அதற்குப் பொம்மை லைன் என்று பெயர் வைத்திருந்தோம். மாப்பிள்ளையும் அதில் பழகியவர்தான். ஒருமுறை சும்மா உட்கார்ந்திருந்து சலித்துப்போய், "பொம்மைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டுட்டு இம்புட்டு நேரமா பந்தி போடாம இருக்கீகளே சார்" என்றார். இன்ஜினியர் சிரித்துவிட்டார். ஆனாலும் கடிகாரத்தைத் தள்ளி வைக்கவில்லை.

திருத்தங்கலின் கோடியில் அப்போதுதான் ஒரு புது லைன் இழுத்திருந்தார்கள். கம்பங்கள் புதிது. கடைசியில் ஒரே ஒரு டிரான்ஸ்பார்மர். அதிலிருந்து ஒரு அச்சாபீசுக்கும் ஒரு தெருவுக்கும் தெருமுனை அம்மன் கோயிலுக்கும் கரண்டு. அந்த லைனில் கம்பியைத் தாங்கும் பீங்கான் குமிழ் ஒன்று விரிசல் விட்டிருந்தது. மாற்ற வேண்டும். அம்மன் கோயிலில் பங்குனிப் பொங்கல் திருவிழா நேரம். மத்தியான வேளை. மாப்பிள்ளை அச்சாபீஸ் டெலிபோனில் என்னைக் கூப்பிட்டார். லைனை நிறுத்தச் சொன்னார். நான் போனைக் கீழே வைக்காமல் மேசையில் கிடத்திவிட்டு, வெளியே போய் ஸ்விட்சை எடுத்து (எங்கள் பேச்சில் எடுப்பது என்றால் நிறுத்துவது) பூட்டிவிட்டு வந்து, லைன் கிளியர் சொன்னேன். அவர் போய்க் கம்பத்தில் ஏறினார். கம்பியில் கை வைத்தார். அவ்வளவுதான்.

கம்பியைத் தொடுமுன் அதன்மேல் இரும்புச் சங்கிலி வீசிப் பூமியோடு சேர்த்துவிட வேண்டும் என்பது விதி. எங்கேயாவது கரண்டு மிச்சமிருந்தால் அது சங்கிலி வழியே மண்ணுக்குப் போய்விடும். எங்கள் பகுதிக்கு இருந்த ஒரே சங்கிலி அன்றைக்கு எம். புதுப்பட்டியில் வேலை செய்த ஆட்களிடம் இருந்தது. சங்கிலி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. நான் சொன்ன சொல்லே போதும் என்று ஏறிவிட்டார்.

அவரை எடுத்துச் சுடுகாட்டில் வைத்தாகிவிட்டது. நான் அழவில்லை. அழாததை எல்லோரும் பார்த்தார்கள். சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு நின்றபோது மாப்பிள்ளையின் அண்ணன் கேட்டார்.

"ஏன்யா, நீ நிசமாவே ஸ்விட்சை எடுத்தியா? இல்ல, அசதியில உக்காந்த இடத்துலருந்தே எடுத்தாச்சுன்னு சொல்லிட்டியா?"

"எடுத்தேன்" என்றேன்.

"டெலிபோன் எக்சேஞ்சில கேட்டுட்டம்யா. பேச்சு சட்டுனு முடிஞ்சிருச்சாம். போயி எடுத்துட்டு வர அங்கன நேரமில்லைங்காக."

நான் எடுத்த நேரத்தை நோட்டில் எழுதித்தான் வைத்திருந்தேன். எழுதியது நானே என்பதால் அதை யாரும் பார்க்கக்கூட இல்லை. உங்கள் அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் கொண்டுபோன சாப்பாட்டைத் தொடவில்லை. அண்ணன் வீட்டுச் சாப்பாட்டைத் தள்ளி வைத்தால் நம் பக்கத்தில் உறவே வேண்டாம் என்று அர்த்தம், உங்களுக்குத் தெரியும். என் கைதான் அவள் தாலியை அறுத்ததா, இல்லையா. அவளுக்கு அது தெரிய வேண்டும். எனக்கும் தெரிய வேண்டும். ஏனென்றால் அதற்குள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கைப்பிடியைப் பிடித்த நினைவு இருந்தது. ஆனால் தினமும் பிடிக்கிற கைப்பிடி. எந்த நாளின் நினைவு என்று எப்படிச் சொல்வது?

இன்ஜினியர் வந்தார். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "அன்னிக்கு நடந்ததை அப்படியே பலகையில ஓட்டிப் பாத்துடலாம். எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம்" என்றார்.

சப்ஸ்டேஷன் முற்றத்தில் பழகுவதற்கென்று ஒரு கம்பம் நட்டிருந்தது. பலகையின் திருத்தங்கல் கம்பியிலிருந்து அதன் உச்சிக்கு வயர் இழுத்து, அந்த ஊர்ப் பல்பைக் கழற்றி அங்கே கட்டினார்கள். மாப்பிள்ளையோடு வேலை பார்த்த உயரமான லைன்மேன் ஒருவர் மாப்பிள்ளையாக நடிக்க வேண்டும். நான் நானாகவே இருக்க வேண்டும். பொம்மை லைனுக்காக ஊர் கரண்டை நிறுத்த முடியாது. ஆகவே நான் நிஜ ஸ்விட்ச் வரை நடந்து போய், பூட்டைத் திறந்து, கைப்பிடியை மட்டும் தொட்டு, பழையபடி பூட்டிவிட்டு வர வேண்டும். நான் தொடும் நேரத்தில் உள்ளே ஒருவர் பலகை ஸ்விட்சை இறக்குவார். மாப்பிள்ளையின் அண்ணனையும் எக்சேஞ்சில் இருந்தவரையும் வரவழைத்து உட்கார வைத்திருந்தார்கள்.

பக்கத்து அறைப் போனை எடுத்து உயரமான லைன்மேன், "மச்சான், புது லைனை எடுத்துருங்க" என்றார். எனக்கு அது தூரத்தில் கேட்பதுபோல இருந்தது. போனை மேசையில் கிடத்தினேன். நடந்தேன். வெயில். சரளைக்கல். பூட்டில் சாவி எப்போதும் ஒருமுறை சறுக்கும், அன்றும் சறுக்கியது. தொட்டேன். பூட்டினேன். திரும்பி வந்து போனை எடுத்தேன்.

"எடுத்தாச்சு மாப்ள. லைன் கிளியர்" என்றேன்.

"அவர் என்ன சொன்னார்? அதையும் சொல்லுங்க. நேரம் ஓடுது" என்றார் இன்ஜினியர்.

அவர் சொன்னதை நான் அதுவரை மறந்திருந்தேன். போன் காதில் இருந்ததால் வந்ததோ, நடந்து வந்த மூச்சோடு நின்றதால் வந்ததோ, தெரியவில்லை. "போனை வைக்கப் போனவரு, பின்னால கோயில் மைக் செட்டுப் பாட்டு திரும்ப ஆரம்பிச்சதும் சிரிச்சாரு. 'பாத்தீகளா மச்சான், ஊருக்குத்தான் கரண்டு நிக்கும், ஆத்தாளுக்கு நிக்காது'ன்னாரு. நானும் சிரிச்சேன். அப்புறம் வச்சிட்டாரு" என்றேன்.

இன்ஜினியர் நிறுத்தச் சொல்லவில்லை. கடிகாரத்தை ஓடவிட்டார். லைன்மேன் போனை வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய் ஏறினார். உச்சிக்குப் போய்ப் பல்பைப் பார்த்தார். அது எரியவில்லை.

எக்சேஞ்சுக்காரர் தலையாட்டினார். "இதே அளவுதான் இருக்கும். எனக்குச் சட்டுன்னு முடிஞ்ச மாதிரி தெரிஞ்சுது" என்றார்.

ஆக நான் எடுத்திருக்கிறேன். மாப்பிள்ளையின் அண்ணன் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். "அப்ப என் தம்பிதான் எங்கிட்டோ தப்பாக் கை வச்சிட்டானா?" என்றார். பலகையின் கணக்குப்படி மாப்பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும்.

இன்ஜினியர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பாட்டு திரும்ப ஆரம்பிச்சுதுன்னீங்களே, எப்படி ஆரம்பிச்சுது?"

"இழுத்துக்கிட்டு சார். நோயாளி பாடுற மாதிரி. அப்புறம் சரியாயிருச்சு. பாட்டரியில போடுறாக போலன்னு நினைச்சோம்."

"பாட்டரின்னா இழுக்காது. எஞ்சின் ஓடத் தொடங்கி வேகம் பிடிக்கிறப்பதான் அப்படி இழுக்கும்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

அச்சாபீஸ் போர்மேன் எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. தீப்பெட்டி லேபிள் அவசர ஆர்டர், அதனால் கரண்டு நின்றதும் எஞ்சினைப் போட்டார்களாம். பொங்கல் முடிகிற வரை கோயிலில் விளக்கும் மைக் செட்டும் நிற்கக் கூடாது என்று முதலாளிக்கு நேர்ச்சை. அதனால் எஞ்சின் ஓடும்போது, அச்சாபீசைத் தெருக் கம்பியிலிருந்து பிரிக்கிற மெயினை இறக்காமல் விட்டுவிடுவார்கள். அச்சாபீஸ் கரண்டு தெருக் கம்பி வழியாகக் கோயிலுக்குப் போகும்.

"சாமி காரியந்தானேன்னு செஞ்சோம் சார். நம்மகிட்ட இருக்கு, ஆத்தாளுக்குக் குடுக்கோம். தெருக்காரவுகளும் நல்லதுன்னாக" என்றார் போர்மேன். "ஏன் சார், அதுல எதும் தப்பாயிருச்சா?"

கோயிலுக்குப் போகும் தெருக் கம்பிதான் டிரான்ஸ்பார்மருக்கும் போகிறது. டிரான்ஸ்பார்மருக்கு எந்தப் பக்கமிருந்து வந்தால் என்ன? மேலேயிருந்து வரும் பெரிய கரண்டைச் சின்னதாக்கிக் கீழே அனுப்பும். கீழேயிருந்து சின்னது ஏறினால் அதைப் பெரிதாக்கி மேலே அனுப்பும். அந்தக் கோடியில் வேறு டிரான்ஸ்பார்மர் இல்லை, கரண்டைத் தின்ன வேறு ஆளும் இல்லை. நான் நிறுத்திப் பூட்டிய லைனில் ஆத்தாளின் கரண்டு பின்பக்கமாக ஏறி வந்து நின்றிருக்கிறது.

மறுநாள் பலகையின் திருத்தங்கல் கோடியில் இன்ஜினியர் இன்னொரு பாட்டரியை வைத்தார். அதற்கு ஒரு தனி ஸ்விட்ச். அதுவரை அந்தப் பலகையில் கரண்டு வரும் பக்கம் ஒன்றுதான். மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினோம். நான் நடந்தேன், சாவி சறுக்கியது, தொட்டேன், வந்தேன், சொன்னேன். பாட்டு ஆரம்பித்த இடத்தில் ஒருவர் கோடி ஸ்விட்சைப் போட்டார். ஏறிக்கொண்டிருந்த லைன்மேன் பாதிக் கம்பத்தில் நின்றுவிட்டார். உச்சியில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. வெயிலில் மங்கலாக, மஞ்சளாக.

அவர் மேலே போகவில்லை. இறங்கி வந்துவிட்டார். இன்ஜினியரும் போகச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் உங்கள் அத்தையிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். டிரான்ஸ்பார்மரை அவளுக்குப் புரிய வைக்கத் தெரியவில்லை. குழாயில் தண்ணீர் பின்னால் ஏறுவதுபோல என்று ஏதோ சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

"அப்ப நீயுமில்ல, அவுகளுமில்ல" என்றாள். "வெளக்கு குடுத்தவுகளும் நல்லதுன்னுதான் குடுத்திருக்காக. நான் யாரைண்ணே வையறது?"

சாப்பாடு கொண்டுபோன தூக்கு வாளியைத் திறந்து வைத்தேன். அவள் இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை. பசியும் இல்லை. அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. தெரிந்ததே தவிர, நெஞ்சில் ஒன்றும் ஆகவில்லை. மரத்துப்போன காலில் எறும்பு ஊர்வதைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே சப்ஸ்டேஷனுக்குத்தான் வந்தேன். டூட்டியில் இருந்தவர் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பின்னறையில் யாருமில்லை. பலகை அப்படியே இருந்தது. கோடியில் இரண்டாவது பாட்டரியும் அப்படியே இருந்தது. கம்பத்து உச்சிப் பல்பைக் கழற்றிக் கொண்டுவந்து திருத்தங்கல் கம்பியில் மாட்டி வைத்திருந்தார்கள்.

மேசை டிராயரில் தடித்த செம்புக் கம்பித் துண்டு ஒன்று கிடைத்தது. இரண்டு முனையையும் கத்தியால் சுரண்டினேன். ஒரு முனையைத் திருத்தங்கல் கம்பியில், பல்புக்குப் பக்கத்தில், கொக்கிபோல் வளைத்து மாட்டினேன். மறுமுனையைப் பூமி என்று இன்ஜினியர் அடித்து வைத்திருந்த ஆணியில் சுற்றினேன். சங்கிலி அந்த இடத்தில்தான் தொங்கியிருக்க வேண்டும்.

பிறகு கோடி ஸ்விட்சைப் போட்டேன். பல்பு எரியவில்லை. செம்புக் கம்பியில் விரலை வைத்து, அது சுடத் தொடங்கும் வரை நின்றுவிட்டு, ஸ்விட்சை இறக்கினேன்.