சாவி கேட்ட கமலா

கமலா போய்விட்டாள் என்ற செய்தி எனக்குத்தான் கடைசியாக வந்தது. திங்கட்கிழமை காலை ஜங்ஷனுக்குள் நுழைந்து, முதல் பிளாட்பாரத்தில் டீக்குக் கை நீட்டினேன். கடைக்காரர் டீயைக் கொடுக்காமல் என் முகத்தையே பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா டீச்சர்? கமலாக்கா நேத்தே போயிட்டாங்க. மாரடைப்பாம்" என்றார். பெண்கள் காத்திருப்பு அறையை எட்டிப் பார்த்தேன். காலை வண்டித் தோழிகள் நீங்கள் எல்லோரும் அழுது முடித்து, முகம் கழுவி உட்கார்ந்திருந்தீர்கள். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. இத்தனை பேருக்குச் சொன்னவர்கள் எனக்கு ஏன் சொல்லவில்லை என்ற ஆத்திரம்தான் வந்தது. ஆளாளுக்கு மற்றவர் சொல்லியிருப்பார் என்று இருந்துவிட்டீர்களாம்.

இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவது வழக்கம். நீங்கள் என்னிடம் கேட்டதும் அதைத்தான். தமிழ் டீச்சர் ஆயிற்றே. எழுதுகிறேன். ஆனால் அவள்மேல் எனக்குப் பொறாமை இருந்தது, இன்னும் இருக்கிறது. அதை மூடி மறைத்து எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள்.

நாமெல்லாம் சீசன் டிக்கெட்காரிகள். வெவ்வேறு ஊரிலிருந்து வந்து, இந்த ஜங்ஷனில் தஞ்சாவூர் வண்டிக்காகக் காத்துக் கிடப்பவர்கள். காத்திருப்பு அறையில் கழிப்பறை உண்டு, ஆனால் அப்போதெல்லாம் பூட்டித்தான் கிடக்கும். சாவி ஆபீஸ் சுவரில் ஆணியில் தொங்கும். நாலு ஆண்கள் நடுவில் போய்க் கேட்டு வாங்க வேண்டும். அதற்குக் கூச்சப்பட்டே விடிந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டோம். நான் மேலிடத்துக்கு மனுமேல் மனுவாக எழுதினேன். "மகளிர் நலன் கருதி" என்று ஆரம்பித்தால் முடிகிறவரை ஒரு பிழை இருக்காது. பூட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

தஞ்சாவூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்து, கமலா நம்மோடு வந்து சேர்ந்தாள். வந்த முதல் நாளே விறுவிறுவென்று ஆபீஸுக்குள் போனாள். "சார், அந்த பாத்ரூம் சாவியக் குடுங்க, அவசரம்" என்று அவள் கேட்டது பிளாட்பாரத்தின் அந்தக் கடைசி வரைக்கும் கேட்டது. எனக்கு உடம்பே கூசிப்போயிற்று. கொஞ்சம் மெதுவாகக் கேட்கக் கூடாதா என்று அவளிடம் சொன்னேன்.

"தினம் நூறு பேருகிட்ட டப்பாவக் குடுத்து, யூரின் புடிச்சிட்டு வாங்கன்னு சொல்றவ டீச்சர் நான். எனக்கென்ன வெக்கம்?" என்றாள்.

அன்றிலிருந்து யாருக்கு வேண்டுமானாலும் அவள்தான் போய்க் கேட்பாள். வண்டி வருவதற்குள் ஐந்தாறு தடவை போவாள். கடைசியில் ஆபீஸ்காரர்களே சலித்துப்போய்ப் பூட்டைக் கழற்றிவிட்டார்கள். ஓடாமல் நின்ற மின்விசிறியும், காற்று மட்டும் வந்துகொண்டிருந்த குடிநீர்க் குழாயும் அப்படித்தான் சரியாயின. எல்லோரும் அவளைக் கொண்டாடினீர்கள். அதற்கு அவள் என்ன சொன்னாள், ஞாபகம் இருக்கிறதா? "டீச்சர் எழுதுன மனுவாலதான் தெறந்தாங்க, நான் சும்மா கத்துனேன்" என்றாள். உங்களில் ஒருத்திகூட நம்பவில்லை. பேரும் அவளுக்கு, பெருந்தன்மையும் அவளுக்கு. அன்று வீட்டுக்குப் போய் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை நான்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வண்டிக்குள் நடந்ததுதான். வண்டி நின்றதும் முண்டியடித்து ஏறி, ஜன்னலோரம் எனக்கும், பக்கத்தில் கைப்பையைப் போட்டு அவளுக்கும் இடம் பிடிப்பேன். அவள் நிதானமாக ஏறி வருவாள். "சாப்டீங்களா டீச்சர்?" என்று கேட்பாள், சிரிப்பாள், என்னைத் தாண்டிப் போய்விடுவாள். பூக்காரம்மாவுக்கும் நர்ஸ் பெண்ணுக்கும் நடுவில் இடித்துக்கொண்டு உட்காருவாள். சாலியமங்கலம் வருவதற்குள் இரண்டு பேரில் ஒருத்தியின் தோளில் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிடுவாள். அந்தத் தோள் ஒருநாளும் என் தோளாக இருந்ததில்லை. நான் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, வெளியே நடவு நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் உனக்கு யாரடி என்று கேட்க நாக்கு நுனி வரை வரும். இத்தனை வருஷத்தில் ஒருதடவைகூடக் கேட்கவில்லை.

காரியத்தன்று மன்னார்குடிக்குப் போனேன். தெப்பக்குளத்துக்குப் பின்தெருவில் வீடு. உள்ளே நீங்களெல்லாம் உட்கார்ந்து, ஒருத்தி மாற்றி ஒருத்தி, கமலாக்கா என்னிடம்தான் மனசு விட்டுப் பேசுவாள் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எழுந்து பின்பக்கம் போனேன். கொல்லைப்பக்கம் அவள் மகள் தனியாக நின்றாள். சாவு நடந்த வீட்டில் கேட்கிற கேள்வியா அது? கேட்டுவிட்டேன்.

"அம்மா என்னப் பத்தி ஏதாவது சொல்லுவாளாம்மா?"

அந்தப் பெண் தயங்கினாள். பரவாயில்லை, எதுவானாலும் சொல் என்றேன்.

"டீச்சர் எடம் போட்டு வெச்சிருப்பாங்க, போய் உக்காரத்தான் பயமா இருக்கும்பாங்க. அவங்க பக்கத்துல வாயப் பொளந்துகிட்டுத் தூங்கிட்டா என்ன நெனப்பாங்களோன்னு. உங்ககிட்ட மட்டும்தான் நல்லபடியாத் தெரியணும்னு அம்மாவுக்கு ஒரு இது."

அத்தனை ஆண்களுக்கும் கூசாதவள் என் ஒருத்திக்குக் கூசியிருக்கிறாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம், திங்கட்கிழமை வராத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. பாவி, ஒரு நாள் வந்து தூங்கியிருக்கக் கூடாதா? தஞ்சாவூர் வருகிற வரைக்கும் தோளை அசைக்காமல் உட்கார்ந்திருப்பேனே.

அவள் சிரிப்பை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவள் போட்ட சத்தத்தையும், திறந்து வைத்த கதவையும், உங்கள் தோளில் தூங்கிய தூக்கத்தையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவளுடைய வெட்கம் எனக்கு. அதில் பங்கு கேட்டு யாரும் வர வேண்டாம்.