ஜிம்முக்குப் போன கதிரை

மாத்தளை பிரதான வீதியில் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு நடந்து பார்த்திருக்கிறீர்களா?

நான் நடந்தேன். நோன்பு தொடங்குவதற்கு மூன்று வாரம் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணிக்கு. மடக்குக் கதிரைதான். ஆனாலும் மெத்தை வைத்தது, கைப்பிடி உள்ளது, நல்ல பாரம். பஸ் நிலையத்தைத் தாண்டுவதற்குள் நான்கு பேர் நிறுத்தி விசாரித்துவிட்டார்கள்.

"என்னங்க டீச்சர், வீடு மாறுறீங்களா?"

"இல்லப்பா, ஜிம்முக்குப் போறேன்."

கேட்டவர் கதிரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அறுபத்தொரு வயதில், பென்ஷன் வாங்குகிற ஒருத்தி ஜிம்முக்குப் போவதே அவருக்குப் புதினம். அதுவும் சொந்தமாகக் கதிரை கொண்டு போகிறாள் என்றால்... பாவம், அவர் என்னதான் கேட்பார்?

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் முழங்காலைத் தெரியும். அதைப் பற்றி எழுதியது போதும் என்று ஒரு வாசகர் கடிதமே போட்டிருந்தார். ஆகவே சுருக்கமாக: டொக்டர் நடக்கச் சொன்னார், நான் கேட்கவில்லை. முழங்கால் மடங்க மறுத்தது, பிறகு கேட்டேன். அப்படித்தான் செல்வியின் ஜிம்முக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஜிம் என்றதும் கண்ணாடிச் சுவர், ஏசி என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். கீழே வாசனைத் திரவியக் கடை — மிளகு, கராம்பு, சாதிக்காய். மேலே ஒரே ஒரு நீள அறை. இரண்டு சைக்கிள், கொஞ்சம் டம்பெல், ஓடாத ஒரு ட்ரெட்மில். அந்த ட்ரெட்மில்லின் கைப்பிடியில்தான் நாங்கள் அபாயாவையும் ஹேண்ட்பேக்கையும் குடையையும் மாட்டுகிறோம். காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை பெண்களுக்கான நேரம். வீதிப் பக்க ஜன்னலில் செல்வி ஒரு பூப்போட்ட பெட்ஷீட்டைக் கட்டுவாள். கட்டிவிட்டால் ராஜ்ஜியம் எங்களுடையது.

முதலில் மெஷின், பிறகு யோகா. கீழே மிளகு மூட்டை அவிழ்க்கிற நாட்களில் மட்டும் மூச்சுப் பயிற்சி கிடையாது. ஒரு தடவை செய்து பார்த்தோம். அறையில் இருந்த அத்தனை பேரும் ஒன்றாகத் தும்மினோம். கடைக்காரர் பயந்துபோய்க் கீழேயிருந்து சத்தம் போட்டார்.

செல்வி எல்கடுவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தவர். ஆசனங்களின் பெயரெல்லாம் அவளுக்குத் தெரியும், ஆனால் வகுப்பில் சொல்ல மாட்டாள்.

"கொழுந்துக் கூடைய எறக்குற மாதிரி எறங்குங்க. முட்டிதான் மடங்கணும், முதுகு மடங்கக்கூடாது. சாஞ்சீங்கன்னா கொழுந்து கொட்டிரும்!"

உடனே எல்லோரும் இல்லாத கூடையை இறக்குவோம். பேங்க்கில் வேலை செய்தவர், தையல் கடை வைத்திருப்பவர், முப்பது வருடம் சமூகக்கல்வி படிப்பித்த நான்... பக்கத்துப் பக்கத்துப் பாயில் நின்று, ஒருவர் கை மற்றவர்மேல் இடித்துக்கொண்டு. இரண்டே வாரத்தில் யார் வீட்டில் என்ன கறி என்பது வரைக்கும் எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு எதையும் தெரிந்துகொள்ளாவிட்டால் தூக்கம் வராது. இது உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. நஸீரா ராத்தா.

அறுபத்தாறு வயது இருக்கும். எங்கள் கூட்டத்தில் மூத்தவர், ஆகவே தமிழ், சிங்களம், முஸ்லிம் என்று பார்க்காமல் முஸ்லிம்கள் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி எல்லோருக்கும் அவர் ராத்தாதான். வாரத்தில் ஐந்து நாளும் வருவார். சைக்கிளைத் தொட மாட்டார். டம்பெல் பக்கம் திரும்ப மாட்டார். ஒரு மூலையில் கடைக்காரர் கொடுத்த பழைய சாக்குகளைச் செல்வி மடித்து அடுக்கி வைத்திருப்பாள். ராத்தா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த அடுக்கின்மேல் மெல்ல உட்காருவார். எழும்புவார். மறுபடி உட்காருவார். நெற்றி வியர்க்கும் வரை இதே வேலை. பிறகு அபாயாவைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

இதற்கா மாடிப்படி ஏறி வருகிறார்? உட்காருவதை வீட்டிலேயே உட்காரலாமே!

செல்வியிடம் கேட்டேன். "அவங்க கணக்கு அவங்களுக்கு, டீச்சர்" என்று சிரித்தாள். தையல் கடைக்காரியிடம் கேட்டேன். "மருமகளோட பிரச்சினையா இருக்கும்" என்றாள். கடைசியாகக் குமாரியிடம் கேட்டேன். குமாரி, ராத்தாவின் பக்கத்து வீட்டுக்காரி. லக்கலையிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். எங்கள் ஊரில் யானை துரத்தும், ஜிம் தேவையில்லை, மாத்தளைக்கு வந்துதான் உடம்பு வைத்துவிட்டது என்று தினமும் சொல்லுவாள்.

"அனே டீச்சர், ராத்தா பாவம். வீட்ல தொழுறதும் கதிரைலதான். பழைய ப்ளாஸ்டிக் கதிரை, ஒரு கால் ஆடுது. நான் குசினி ஜன்னல்ல பாக்குறேன், எனக்கு பயமா இருக்கு."

அவ்வளவுதான். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வீட்டில் ஆடுகிற கதிரை, இங்கே உட்காரச் சாக்கு அடுக்கு. இத்தனை பெண்கள் இருந்தும் ஒரு நல்ல கதிரை வாங்கிக் கொடுக்க ஆளில்லையா? நானும் குமாரியும் தையல் கடைக்காரியும் கூடிப் பேசினோம். கடை கடையாக ஏறி, உட்கார்ந்து பார்த்து, அழுத்திப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். செல்விக்குக்கூடச் சொல்லவில்லை. சர்ப்ரைஸ்!

அந்தக் கதிரையைத்தான் அன்றைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

எல்லோரும் வந்த பிறகு விரித்து வைத்தோம். "ராத்தா, இது உங்களுக்கு. தொழுறதுக்கு" என்றேன். கை தட்டினார்கள். செல்வி தட்டவில்லை. அவள் முகம் ஏன் அப்படிப் போனது என்று அந்த நேரத்தில் எனக்குப் புரியவில்லை.

நஸீரா ராத்தா கதிரையைப் பார்த்தார். மெத்தையைத் தடவினார். எங்களுக்காக ஒரு தடவை உட்கார்ந்தும் காட்டினார்.

"நல்ல கதிர" என்றார். "அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்யட்டும்."

அன்றைக்கு அவர் ஜன்னல் கம்பியைப் பிடிக்கவில்லை. கதிரையை எடுத்துக்கொண்டும் போகவில்லை. மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

வெள்ளிக்கிழமை செல்வியைப் பிடித்துக்கொண்டேன். அவள் சாக்குகளை மடித்தபடியே சொன்னாள்.

"டீச்சர், அவங்க கதிரைய விடுறதுக்குத்தானே இங்க வந்தாங்க."

"என்ன சொல்ற?"

"மொதல்ல பன்னெண்டு சாக்கு வச்சிருந்தேன். கொஞ்சம் கொஞ்சமா ஒவ்வொன்னா எடுத்தேன். இப்ப அஞ்சுதான் இருக்கு. கிளினிக் டாக்டர்ட்ட கேட்டுட்டுத்தான் செஞ்சோம். தரை வரைக்கும் எறங்கணும்னாங்க. யார்ட்டயும் சொல்லாதன்னாங்க, அதான் சொல்லல."

பன்னிரண்டு சாக்கு ஐந்தாகியிருக்கிறது. தினமும் அதே மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய துப்பறியும் புலி மாதிரி எல்லோரையும் குடைந்தேன். சாக்கு குறைந்தது மட்டும் என் கண்ணில் படவே இல்லை. எனக்கு என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அன்று பின்னேரமே குமாரியைக் கூட்டிக்கொண்டு ராத்தா வீட்டுக்குப் போனேன். ப்ளேன்டீயும் தொதல் இனிப்பும் வந்தன. ஆடுகிற கதிரை அறை மூலையில் நின்றது. தொதலை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டேன்.

"ராத்தா, நான் முட்டாள்தனமா ஏதோ செஞ்சிட்டேன். என்னன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் டீயை ஆற்றியபடி சொன்னார்.

"கதிரைல தொழுதா கூடாதெண்டு இல்ல, டீச்சர். ஏலாதவங்களுக்கு அல்லாஹ் லேசாக்கித்தான் வச்சீக்கிறான். மூணு வருஷமா நான் அப்பிடித்தான். ஆனா பெருநாள் தொழுகைக்குப் போனா, எல்லாரும் சஃப்புல தோளோட தோள் ஒட்டி வரிசையா நிப்பாங்க. கதிரக்காரங்க ஓரத்துல. என்ட ரெண்டு மகளும் அங்க, நான் இங்க சுவரோட. இந்தப் பெருநாளைக்கு அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்கணும். நெத்திய நிலத்துல வச்சு சுஜூது செய்யணும். அவ்வளவுதான் என்ட ஆச."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லிட்டு, ஏலாமப் போனா?"

நான் தொதலைத் தட்டில் திருப்பி வைத்தேன். அவரே தொடர்ந்தார்.

"நல்ல மனசோடதான் வாங்கினீங்க, தெரியும். ஆனா அதப் பார்த்த நேரம்... நீங்க எல்லாரும் கூடிப் பேசி முடிவு எடுத்த மாதிரி ஈந்திச்சு. இவளுக்கு இனிக் கதிரதான் எண்டு. ஏலும், ஏலும் எண்டு எனக்கு நானே சொல்லிக்கிட்டு ஈந்தேன். அது அப்பிடியே நிண்டு போச்சு."

முப்பது வருடம் வகுப்பில் நின்று, 'தெரியாததைக் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை' என்று சொன்னவள் நான். ராத்தாவைப் பற்றி ஊரெல்லாம் கேட்டேன். அவரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உதவி செய்கிற அவசரத்தில் நாம் எத்தனை பேருக்கு இப்படிக் கதிரை போட்டு உட்கார வைத்திருப்போம்? வயதான மாமியாருக்கு, நோயில் விழுந்து எழும்பியவருக்கு, கணவரை இழந்த சிநேகிதிக்கு... அவர்களிடம் கேட்டோமா?

மன்னிப்புக் கேட்டேன். குமாரி அழுதேவிட்டாள். ராத்தா குமாரிக்குத் தொதல் கொடுத்துச் சமாதானம் செய்யவேண்டியதாகிவிட்டது.

திங்கட்கிழமை பெட்ஷீட் கட்டுவதற்கு முன்பே வந்து நின்றார். இனி ஒளிக்க ஒன்றுமில்லையே. ஆளாளுக்கு ஆர்வம். ஐந்து சாக்கு நான்கானது. நோன்பு தொடங்கிய பிறகும் வந்தார். வேறு ஒன்றும் செய்யாமல், கூடையை இறக்குவதை மட்டும் மெதுவாகச் செய்வார். அவர் முன்னால் தண்ணீர் குடிக்க நாங்கள் தயங்கினால், "நோன்பு எனக்குத்தானே, குடிங்க!" என்று அதட்டுவார். நான்கு மூன்றானது, இரண்டானது. கடைசி ஒரு சாக்கு வந்தது.

அந்த ஒன்று மட்டும் போக மாட்டேன் என்றது.

நான்கு விரல் உயரம்கூட இருக்காது. அதை எடுத்துவிட்டால் முழங்கால் பாதியில் நின்றுவிடும். ராத்தா கம்பியைப் பிடித்தபடி நடுவில் தொங்குவார், நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். "ஹெமின், ஹெமின்" என்பாள் குமாரி சிங்களத்தில் — மெல்ல, மெல்ல. நடக்கவில்லை. பெருநாளுக்கு முந்தின நாளும் நடக்கவில்லை. செல்வி அந்தச் சாக்கை மடித்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். ராத்தா வாங்கிக்கொண்டு படியிறங்கினார்.

பெருநாள் காலையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் தொழப் போகிறார், நான் வீட்டில் நடை பழகுகிறேன்! ஃபோன் எடுத்துக் கேட்கலாமா? 'சொல்லிட்டு ஏலாமப் போனா?' என்று அவர் கேட்டது ஞாபகம் வந்தது. ஃபோனை வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஜிம்முக்கு வந்தார். கையில் பெருநாள் இனிப்பு, ஒரு சட்டி வட்டிலப்பம். மறு கையில் அந்தச் சாக்கு, மடித்த மடிப்புக் குலையாமல்.

"பைலேர்ந்து எடுக்கவே இல்ல" என்றார்.

நாங்கள் போட்ட கூச்சலில் கடைக்காரர் மறுபடியும் கீழேயிருந்து கூப்பிட்டார். நாங்கள் எங்கே கேட்டோம்?

"கூடைய எறக்குற மாதிரியே எறங்கினேன், செல்வி. ரெண்டு மகளும் ரெண்டு பக்கம். நாலு சுஜூதும் நிலத்துலதான். மொத ரக்அத்துல கைய ஊண்டி எழும்பிட்டேன். ஆனா கடைசில சலாம் குடுத்து தொழுகைய முடிச்ச பொறகு, இருந்த எடத்துலயே கால் பிடிச்சிட்டுது. எழும்ப ஏலல்ல. மகளும் பக்கத்துல ஈந்த பொம்புளையும் சேர்ந்து தூக்கி விட்டாங்க. எல்லாருக்கும் ஒரே சிரிப்பு."

"ஐயோ, வெக்கமா இல்லையா?" என்று நான்தான் கேட்டேன். வாய் சும்மா இருக்காதே.

"என்னத்துக்கு வெக்கம்? எறங்குறது நான்தான் எறங்கணும். தூக்கி விடுறதுக்கு ஆள் ஈக்கிதுதானே."

சொல்லிவிட்டுப் பாயை விரித்து, கம்பியைப் பிடிக்காமல் மெல்லத் தரையில் இறங்கி, வட்டிலப்பத்தை வெட்ட ஆரம்பித்தார். எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். எனக்குக் கண் கலங்கியது. பீரிசுத் தட்டை வாங்கிக்கொண்டு நான்கு கரண்டி சாப்பிட்ட பிறகுதான் கவனித்தேன், எல்லோரும் என்னையே நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறையில் ஒருத்தி மட்டும் கதிரையில் இருந்தாள். மெத்தை வைத்தது, கைப்பிடி உள்ளது.

"டீச்சர்" என்றார் நஸீரா ராத்தா, "எறங்குங்க."

இறங்கினேன். எழுப்புவதற்கு மூன்று பேர் வேண்டியிருந்தது — அதில் ஒருவர் ராத்தா.