ஃபாத்திமாவின் கல்யாண மணிகள்

எதிர் வீட்டு ஃபாத்திமா கல்யாண மாலைக்கு மணி செய்யணும்னு, கண்ணாடி தேர்ந்தெடுக்க இன்னிக்கு என் கண்ணாடி மணிப் பட்டறைக்கு வந்தா.

டைக்ரோயிக் கண்ணாடி ஒண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. இப்படிச் சாய்ச்சா நீலம், அப்படிச் சாய்ச்சா ரோஸ்.

"அக்கா, இதுதான் வேணும்."

"இது என்கிட்ட இருக்கிற கண்ணாடியோட சேராதும்மா. சூட்டுல ஒட்டிக்கும், ஆறும்போது விரிசல் விடும்."

அவ நம்பல. ஒரு மணி செஞ்சு காட்டினேன். ஆறினதும் ரெண்டாப் பிளந்துடுச்சு.

"இதை முன்னாடியே தெரிஞ்சுக்க முடியாதா?"

"ஒண்ணு செஞ்சு பார்த்தாதான் தெரியும்."

உடைஞ்ச துண்டு ரெண்டையும் கையில எடுத்துப் பார்த்தா. அப்புறம் வெளியே போய் மாப்பிள்ளைக்குப் போன் போட்டா. நோணாங்குப்பத்துல பார்க்கிற டீச்சர் வேலையைக் கல்யாணத்துக்கு அப்புறமும் பார்க்கலாமான்னு கேட்டாளாம். வீட்டுல கேட்டுச் சொல்றேன்னு வெச்சுட்டாராம்.

அதுலேர்ந்து வாசலுக்கும் மேசைக்குமா நடந்துக்கிட்டே இருந்தா. என்னாலயும் உட்கார முடியல.

போன் வந்துச்சு. பேசிட்டு மெதுவா உள்ளே வந்தா.

"போலாமாம்க்கா. சம்பளத்தை மட்டும் மாமியார் கையில குடுத்துடணுமாம்."

சேரக்கூடிய பச்சைக் கண்ணாடியை எடுத்து நீட்டினேன்.

"இப்ப எதையும் உருக்காதீங்கக்கா"ன்னுட்டுப் போயிட்டா.

பர்னரை அணைச்சுட்டேன். ஆனா மனசு நிலைகொள்ளல.

உங்க வீட்டுல சம்பளம் யார் கைக்குப் போகுது? சொல்லிட்டுப் போங்க.