கப்பலேறிய வக்கீல்

என் அப்பா ரங்கூன் தாமுவேயில் வக்கீலாக இருந்தார். கட்சிக்காரர்களைப் பற்றிப் பேசியதைவிட அவர் அதிகம் பேசியது அந்தக் காலத்து அமெரிக்க வக்கீல் ஒருவரைப் பற்றித்தான். அந்த மனிதர் செத்துப் பல தலைமுறை ஆகியிருந்தது. ஆனாலும் காலையில் கோர்ட்டில் பார்த்துவிட்டு வந்தவரைப்போல அப்பா 'நம்ம ஆளு' என்றே சொல்லுவார். அதனால் அப்பாவைப்போலவே அந்த வக்கீலும் லுங்கி கட்டி, பர்மியப் பட்டுத் தலைப்பாகை வைத்துத்தான் கோர்ட்டுக்குப் போவார் என்று எட்டு வயதில் நான் நம்பியிருந்தேன்.

மின்சாரம் போகும் சாயங்காலங்களில் கதை நடக்கும். நம்ம ஆளு விவசாயியின் மகன். இங்கிலாந்து ராஜாவின் சிப்பாய்கள் ஊர்க்காரர்களைச் சுட்டுவிட, அந்தச் சிப்பாய்களுக்கே வக்கீலாக நின்று ஊராரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். பிறகு அதே ராஜாவை எதிர்த்துக் கூட்டம் போட, பெண்டாட்டி பிள்ளைகளைப் பண்ணையில் விட்டுவிட்டுக் குதிரையேறிப் போனார். அம்மா முருங்கைக்கீரை உருவியபடி, கேட்காதவளைப்போல எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

எண்பத்தெட்டு ஆவணியில் ராணுவ ஆட்சியை எதிர்த்து ஊரே கிளம்பியபோது, எங்கள் தெருக்காரர்கள் தெருமுனையில் மூங்கில் தடுப்புப் போட்டார்கள். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டதில் எனக்குக் கொண்டாட்டம். அப்பா கோர்ட்டை விட்டுவிட்டு ஏதேதோ கூட்டங்களுக்குப் போய்வந்தார். ஒரு சாயங்காலம் நம்ம ஆளைக் கப்பலேற்றினார். நாட்டு வேலையாகக் கடல் தாண்டிப் போகிறார், திரும்பிவர வருஷக்கணக்கில் ஆகும் என்றார். அன்றைக்குத்தான் அம்மா வாயைத் திறந்தாள்.

"பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்த கேட்டாரா ஒங்க ஆளு?"

அப்பா எழுந்து விளக்கின் திரியைத் தூண்டிவிட்டார்.

மறுநாள் காலை, ஆற்றுக்கு அக்கரையிலிருக்கும் டாலாவுக்குப் படகேறி ஒருவரைப் பார்த்துவிட்டு வருவதாகக் கிளம்பினார். மீதிக் கதை ராத்திரிக்கு என்று என் தலையில் தட்டிவிட்டுப் போனார்.

அவர் வரவில்லை. கப்பல் கரை சேர்ந்ததா என்று தெரியாமல் முதலில் தவித்தேன். பிறகு கதை எப்படியும் போகட்டும், அந்தக் குரல் கேட்டால் போதும் என்று ஏங்கத் தொடங்கினேன். அமெரிக்க வக்கீல் வீடு திரும்பி, தள்ளாத வயதுவரை தன் பண்ணையிலேயே வாழ்ந்தார் என்பதைப் பெரியவளான பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீடு மூன்றாவது மாடியில். ரங்கூன் மாடி வீடுகளில் பால்கனியிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்கும். வந்தவர் இழுத்தால் மேலே மணி அடிக்கும். கயிற்றை மேலே இழுத்து, நுனியில் கீழ்வாசல் சாவியை மாட்டி இறக்கிவிடுவோம். அப்பாவுக்குச் சாவி இறக்குவது என் வேலை. இப்போது ஒவ்வொரு மணிக்கும் ஓடிப்போய், வேறு யாரையோ பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

ராணுவம் ஊரடங்கு போட்டது. இருட்டியபின் தெருவில் நின்று மணி அடித்துக்கொண்டிருப்பவரைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அப்படி ஒரு அந்தியில் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால், எங்கள் சாவி ஏற்கெனவே கீழே தொங்கிக்கொண்டிருந்தது. திருட்டுக்குப் பயந்து தெருவே பொழுதோடு கதவைப் பூட்டிக்கொண்ட சமயம் அது. அம்மாவின் மறதியை நொந்துகொண்டு மேலே இழுத்தேன். அவள் வந்து, கயிற்றை வாங்கி மறுபடி இறக்கினாள்.

"திருடன் வந்துருவாம்மா," என்றேன்.

"வரட்டும். யாராச்சும் வரட்டும்."

திருடனுக்குக்கூடப் பயப்படாத அம்மா எனக்கு வாய்த்திருக்கிறாள் என்று அன்று ராத்திரி முழுக்க ஒரே பெருமையாக இருந்தது.