புளியந்தோப்பு ஸ்டாண்டின் தகரப் பலகை

எனக்கு அந்த வயதில் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இப்போது மட்டும் என்ன குறைந்துவிட்டது என்று என் பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும். அன்றைக்கு அந்தக் கோபம் இல்லாமல் போயிருந்தால் என் சைக்கிளும் போயிருக்கும், சைக்கிளோடு வேலையும் போயிருக்கும்.

அறுபதுகளின் கடைசி. சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமாகி சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. காரிமங்கலம் யூனியன் ஆபீஸில் நான் கிராம சேவிகா. ஊர் ஊராகப் போய்ப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்து, புகையில்லாத அடுப்பு போடச் சொல்லிக்கொடுப்பதும், வீட்டுக்குப் பின்னால் தோட்டம் போட விதை கொடுப்பதும் என் வேலை. என் பொறுப்பில் ஒன்பது ஊர். முதல் மூன்று மாதம் நடந்தேதான் போனேன். வெயிலில் செருப்பு அறுந்து, வெறுங்காலோடு வீடு வந்து சேர்ந்த நாள்கள் உண்டு. அதற்குப் பிறகுதான் ஆபீஸில் ஒரு சைக்கிள் கொடுத்தார்கள். பச்சை நிறம், கேரியர் வைத்தது. அதில் ஏறி முதல் நாள் ஊருக்குள் போனபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நாளைக்கு ஒரு ஊர் என்றிருந்தது மூன்று ஊர் ஆனது.

ஆனால் எங்கள் ஹெட்கிளார்க்குக்கு அது முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா சைக்கிளு? நம்ம கிராம சேவக் தம்பி ஒருத்தரு கேட்டுக்கிட்டே இருக்காரு" என்று என் முகத்துக்கு நேராகவே சொல்வார். மாதம் ஒரு தடவை சாயந்திரம் நாலு மணிக்கு ஆபீஸ் வாசலில் எல்லா சைக்கிளையும் நிறுத்தச் சொல்லி, ரிஜிஸ்டரை வைத்துக்கொண்டு செக்கிங் நடக்கும். போன மாதம் என் சைக்கிளில் பெல் வேலை செய்யவில்லை. அதற்கே ஒரு மெமோ. "அடுத்த தடவை ஏதாவது ஒரு குறை இருந்துச்சு, வண்டி கைமாறிடும், பார்த்துக்க" என்று சொல்லியிருந்தார். அடுத்த தடவை என்பது அன்றைக்குத்தான். அன்றைக்குச் சந்தை நாளும்கூட.

சந்தைக்குச் சுற்று ஊர்ப் பெண்கள் எல்லோரும் வருவார்கள் என்பதால், விதைப் பொட்டலங்களைப் பையில் கட்டிக்கொண்டு காலையிலேயே போய்விட்டேன். சந்தைக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க முடியாது. பக்கத்துப் புளியந்தோப்பில் அதன் சொந்தக்காரர் புதிதாக சைக்கிள் ஸ்டாண்டு போட்டிருந்தார். சுற்றிலும் கயிறு கட்டி, போக வர ஒரே வழி விட்டிருந்தார். வழியோரம் ஒரு கம்பு. கம்பில் தகரப் பலகை. 'சைக்கிள் ஸ்டாண்டு. காலை முதல் மாலை வரை. ஒரு சைக்கிளுக்கு 5 பைசா' என்று சிவப்புப் பெயிண்டில் கொட்டை எழுத்து. படித்தேன், காசைக் கொடுத்தேன், சைக்கிளை விட்டேன், போய்விட்டேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். விதையெல்லாம் தீர்ந்து, வெறும் பையோடு வந்து சைக்கிளைத் தொட்டதும் தோப்புக்காரர் உள்ளே மேஜைக்குப் பின்னாலிருந்து கத்தினார்.

"ஏம்மா, சேவிகாம்மா! அபராதம் கட்டிட்டு எடு!"

"என்ன அபராதங்க?"

"அதோ போட்டிருக்குதே, கண்ணு தெரியலையா? மத்தியான பஸ்ஸு போய்டுச்சு. ஒரு ரூபா."

திரும்பிப் பார்த்தேன். அதே கம்பு, அதே தகரம். ஆனால் உள்ளேயிருந்து பார்த்தால் அதன் முதுகுப்பக்கம் தெரிந்தது. 'மத்தியான பஸ் போனபிறகு சைக்கிள் எடுத்தால் அபராதம் ரூ. 1' என்று அங்கே எழுதியிருந்தது. மாதாவே! உள்ளே வருகிறவனுக்கு ஒரு பேச்சு, வெளியே போகிறவனுக்கு ஒரு பேச்சு. இரண்டு தகரம் வாங்கக் காசு போகும் என்று ஒரே தகரத்தின் இரண்டு பக்கத்திலும் எழுதவைத்திருக்கிறார் மனுஷன். யாரிடமும் கடிகாரம் கிடையாது என்பதால் நேரத்தைக்கூட பஸ் கணக்கில் எழுதியிருக்கிறார். எங்கள் பக்கம் எல்லோரும் நேரம் சொல்வது பஸ்ஸை வைத்துத்தான்.

"எந்த பஸ்ஸுங்க? கிருஷ்ணகிரி பஸ்தான் போயிருக்குது. தருமபுரி பஸ் இன்னும் வரவே இல்லையே?"

"எது மொதல்ல போச்சோ அது."

"அப்படின்னு எங்க எழுதியிருக்குது?"

"எழுதணுமா? எல்லாத்துக்கும் தெரியும்."

"முன்னாடி மாலை வரைக்கும்னு போட்டிருக்கீங்களே, அது என்னங்க?"

"அது முன்னாடி. இது பின்னாடி" என்றார், நியாயம் சொல்லிவிட்டவர் போல.

சைக்கிளை விட்டுவிட்டு டூரிங் கொட்டகைக்குப் படம் பார்க்கப் போய்விடுகிறார்களாம். அதற்காக வைத்த அபராதமாம். ஆனால் மீசை வைத்த ஆள்கள் இரண்டு பேர் எனக்கு முன்னால்தான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களிடம் மூச்சுவிடவில்லை. ஆள் பார்த்துத்தான் அபராதம்.

என் பர்ஸில் ஒரு ரூபாய் நோட்டு இருந்தது. மணி ஆகிக்கொண்டிருந்தது. தொலைந்து போகட்டும் என்று அதை எடுத்து நீட்டினேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் நீட்டினேன். அப்போது அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து என் பேரை எழுதினார்.

"கவர்மெண்ட் சைக்கிளு. சும்மா விட முடியாது. தப்பா நிறுத்தினேன்னு ஒத்துக்கிட்டு இதுல கையெழுத்துப் போடு. சாயங்காலம் உங்க ஹெட்கிளார்க்கைப் பார்ப்பேன், காட்டணும்."

அந்த ஒரு வரி ஹெட்கிளார்க் கண்ணில் பட்டால் போதும், சைக்கிள் சேவக் தம்பி வீட்டுக்குப் போய்விடும். கையெழுத்துப் போட்டாலும் சைக்கிள் போச்சு. போடாமல் இங்கேயே நின்றாலும் நாலு மணிக்கு சைக்கிள் இல்லாமல்தான் போய் நிற்க வேண்டும், அப்போதும் போச்சு. ரூபாய் நோட்டை மடித்துத் திரும்ப பர்ஸுக்குள் வைத்தேன்.

"போட மாட்டேங்க."

"அப்ப சைக்கிளும் கிடையாது" என்று சொல்லிவிட்டு, சங்கிலியை எடுத்து என் சைக்கிளைப் புளியமரத்தோடு சேர்த்துப் பூட்டிவிட்டு, போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

வெளியே வந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபத்தில் வருகிற அழுகை. வழியோரத்தில் வெற்றிலை விற்கும் அக்கா ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வீட்டில் கன்னடம் பேசுகிறவள், எங்களோடு தமிழ் பேசுவாள். உள்ளே நடந்ததெல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"பஸ்ஸு போனதுல இருந்து உனக்கு முன்னாடி நாலு பேரு கட்டிட்டாங்க. ஒருத்தரும் வர்றப்ப பின்பக்கத்தப் பார்க்கல. எப்படிம்மா பார்ப்பாங்க, முதுகுலயா கண்ணு இருக்குது?" என்றாள்.

அந்தப் பேச்சில்தான் எனக்கு உறைத்தது. பலகையைப் பார்த்தேன். கம்பை ஆழமாக நடக்கூட இல்லை. சும்மா குழியில் இறக்கி, சுற்றிக் கல் அண்டக் கொடுத்திருந்தார்கள். இரண்டு கையாலும் பிடித்துத் திருகினேன். முதலில் அசையவில்லை. அக்கா எழுந்து வந்து ஒரு கல்லைக் காலால் தள்ளிவிட்டாள். இன்னொரு தடவை திருகினேன். கம்பு கிறீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டு திரும்பியது. அபராதம் ரோட்டைப் பார்த்தது. ஐந்து பைசா தோப்புக்காரரைப் பார்த்தது.

அவர் மரத்தடியில் கண்ணை மூடியிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

காட்டு வேலை முடித்துவிட்டு வருகிற கூட்டம் அந்த நேரத்தில்தான் சைக்கிளில் வரும். சாயந்திரமானால் காய்கறி மலிவு. முதலில் வந்தவர் கடலை வியாபாரி. கயிற்றுக்குள் முன்சக்கரம் நுழைந்தது. பலகையைப் பார்த்து வாய்விட்டுப் படித்தார். "மத்தியான பஸ் போனபிறகு... அபராதமா! ஏம்மா, பஸ் போயிடுச்சா?"

"ஒண்ணு போயிடுச்சுங்க" என்றேன்.

"அட போங்கய்யா" என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு எதிரே ஆலமரத்தடிக்குப் போய்விட்டார். அடுத்து மூன்று பேர் சேர்ந்து வந்தார்கள். அவர்களுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அக்காவுக்குத் தொண்டை இருந்தது. "பேடா, பேடா! அபராதம்!" என்று இரண்டு கையையும் ஆட்டினாள். பேடா என்றால் வேண்டாம் என்று எங்கள் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? மூன்று பேரும் அப்படியே ஆலமரத்துக்குப் போனார்கள். அதற்குப் பிறகு யாரும் பலகையைப் படிக்கவே இல்லை. ஆலமரத்தடியில் இருபது முப்பது சைக்கிள் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தவர்களெல்லாம் நேராக அங்கேயே போனார்கள்.

தோப்புக்காரர் கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறார். ரோடு நிறையக் கூட்டம், உள்ளே ஒருவரும் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னம்மா பண்ணின? யாரு போர்டைத் திருப்பினது?"

"நான்தாங்க."

"எம் போர்டை நீ எப்படித் தொடலாம்?"

"உங்க போர்டுதாங்க. உங்க எழுத்துதாங்க. நான் ஒரு புள்ளிகூட மாத்தலையே. போறப்ப படிக்கச் சொல்றதை வர்றப்பவே படிக்கட்டும்னு திருப்பினேன். அதுல என்னங்க தப்பு?"

சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. எனக்கு முன்னால் அபராதம் கட்டியவர்களில் ஒருவர், வெங்காயம் விற்கிறவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "ஏங்க, காலையில வர்றப்ப எங்களுக்கு முன்பக்கத்தை மட்டும் காட்டினீங்க?" என்று கேட்டார். தோப்புக்காரர் பதில் சொல்லத் திரும்பினார். அப்போதுதான் பலகையின் அந்தப் பக்கம் அவர் கண்ணில் பட்டது. காலை முதல் மாலை வரை. ஐந்து பைசா. வெங்காயக்காரர் அதை ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் போட்டுப் படித்தார். கூட்டம் ஓவென்று சிரித்தது.

பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு இரக்கப்பட நேரமில்லை. மணி மூன்றைத் தாண்டியிருக்கும்.

"சைக்கிளை அவுத்து விடுங்க. போர்டை நானே திருப்பி வெச்சுட்டுப் போறேன்" என்றேன்.

"திருப்பி வெக்காதம்மா!" என்று அக்கா கத்தினாள்.

அவர் கூட்டத்தைப் பார்த்தார், ஆலமரத்தைப் பார்த்தார். சாவியை எடுத்தார். சங்கிலி விழுந்தது. நான் நகரவில்லை.

"அந்த நோட்டுல என் பேரை எழுதி வெச்சிருக்கீங்களே, அந்தப் பக்கத்தையும் கிழிச்சுடுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு கிழித்தார். வெங்காயக்காரரும் மற்றவர்களும் கை நீட்டினார்கள். அவர்களுக்கும் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தார். நான் சொன்ன சொல் தவறவில்லை. கம்பைத் திருப்பினேன். ஆனால் அதற்கு முன்னால் அக்காவின் சுண்ணாம்பு டப்பாவில் விரலை விட்டு, அபராதம் இருந்த பக்கத்தை மேலிருந்து கீழே வரை வழித்து மெழுகிவிட்டேன். தோப்புக்காரர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

சைக்கிளில் ஏறினேன். பெண்கள் "போ தாயி, போ!" என்று கூச்சல் போட்டார்கள். பெல்லை அடித்துக்கொண்டே போனேன். அப்பா! அந்தச் சந்தோஷத்தை எதோடு ஒப்பிடுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஆபீஸ் வாசலில் எல்லா சைக்கிளும் வரிசையாக நின்றன. சேவக் தம்பி என் இடத்துக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். நான் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைசியாகப் போய் நிறுத்தினேன். ஹெட்கிளார்க் பெல்லை அடித்துப் பார்த்தார். பிரேக்கைப் பிடித்தார். செயினைத் தொட்டார். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, கோணல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"சரி. எடுத்துக்கிட்டுப் போ" என்றார்.

"எத்தனை நாளைக்குங்க?" என்று கேட்டேன். எனக்கு அப்போது யாரைக் கண்டும் பயம் வரவில்லை.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். சேவக் தம்பியையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு ரிஜிஸ்டரில் சைக்கிளுக்கு நேரே என் பெயரை எழுதி, எதுவரை என்ற, இத்தனை நாளாகக் காலியாகவே வைத்திருந்த கட்டத்தில், 'வேலையில் இருக்கும்வரை' என்று எழுதினார்.

பதினோரு வருஷம் ஓட்டினேன்.