மேப்பிள் மரத்து வாளி

வான்கூவர் தீவில் குளிர்காலம் முடியப்போகிறது. மலேசியாவின் கிள்ளானிலிருந்து இங்கே குடியேறிய சரசு அக்காவின் மேப்பிள் மரங்களில் பால் பிடிக்க வாளிகள் தொங்குகின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டால் எனக்குத் தங்க இடம். "பந்திங்ல ரப்பர் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவன்க்கா" என்று நேற்றுப் பீற்றிக்கொண்டேன்.

காலையில் வாளிகளில் தெளிந்த தண்ணீர். எங்கள் ரப்பர் தோட்டத்தில் மழைநீர் விழுந்த பாலைக் கொட்டிவிடுவோம். ஆறு வாளிகளையும் பொறுப்பாகக் கவிழ்க்கிறேன்.

அக்கா ஓடி வருகிறார். "ஐயோ, என்னடா பண்றே?"

"ராத்திரி மழைக்கா. பாலெல்லாம் கெட்டுப்போச்சு."

"அடேய், அந்தத் தண்ணிதான்டா பாலு! அதைக் காய்ச்சினாதான் பாகு லா!"

என் பெட்டியை வெளியே வைப்பார் என்று நிற்கிறேன்.

"போய் விறகு வெட்டு. அதையாவது ஈரமா இருக்குன்னு வீசிடாதே."