டைக்கியா சிவந்த பனிக்காலம்

என் கணவருக்குக் கோயம்புத்தூரில் இருதய ஆபரேஷன் நடந்தபோது, எஸ்டேட் குவார்ட்டர்ஸ் வாசலில் இருந்த முள்செடித் தொட்டிகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனேன். அவர் இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்து, எங்கள் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். நான் ஃபேக்டரி ஆபீசில் வேலை பார்த்தேன். "வாரம் ஒருக்கா தண்ணி ஊத்துனாப் போதுங்கக்கா" என்று மட்டும் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

எல்லாமே டைக்கியா. ஊட்டி மலர்க் காட்சியில் அட்டையைப் படித்துத் தெரிந்துகொண்ட பெயர். பார்த்தால் கத்தாழை என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் அன்னாசிக் குடும்பம். இலையோர முள் கொக்கியாக வளைந்திருக்கும். கையை உள்ளே விடும்போது ஒன்றும் செய்யாது, வெளியே எடுக்கும்போது கிழிக்கும். இலையைப் புரட்டினால் அடியில் வெள்ளைக் கோடுகள் ஓடும்.

திரும்பி வந்தபோது மாசி பிறந்திருந்தது. தொட்டிகள் எல்லாம் பீட்ரூட்டை நறுக்கி வைத்தது போலச் சிவந்திருந்தன. அந்த வருடம் வெயிலும் பனியும் அப்படி. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கடைசித் தொட்டியில் இருந்தது டைக்கியா இல்லை. முள் நேராக நின்றது, நுனியில் ஊசி, இலைக்கு அடியில் கோடு கிடையாது. வேலியோரக் கத்தாழைக் கன்று. ஒரு செடி போய்விட்டது, அக்கா அதன் இடத்தில் இதை வைத்திருக்கிறார் என்று புரிந்தது. புரிந்ததோடு சரி. மாத்திரை, பத்தியம் என்று என் தலை நிறைய வேறு கவலை இருந்தது.

சாயங்காலம் அக்கா வந்தார். படியேறும்போதே அழுகை.

"புள்ள, ஒன் செடியெல்லாம் கருக்கிட்டேன். பொழுது சாஞ்சா சாக்கு போட்டு மூடித்தான் வச்சேன். அப்படியும் செவந்து போச்சு."

"கருகலீங்கக்கா. குளிருக்கு இது செவக்கும். மழை புடிச்சா மறுபடி பச்சையாயிருமுங்க."

"என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்ற."

எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரத்தில் என் செடிகளையும் சாகடித்துவிட்டோம் என்று அவர் மனதில் பதிந்துவிட்டது. கடைசித் தொட்டியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் நல்லது என்று நினைத்தேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் விறகு வந்தது. கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைக் கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வருவார். "எதுக்குங்கக்கா?" என்றால், "வூட்டுல நோயாளி இருக்காரு, சுடுதண்ணி வேணும்ல" என்பார். வேண்டாம் என்று நான் சொன்னது ஒப்புக்குத்தான். அந்த விறகு எனக்குத் தேவையாக இருந்தது.

சித்திரையில் ஒரு டைக்கியா ஆரஞ்சு நிறத்தில் பூத்தண்டு விட்டது. அக்காவின் முகம் வெளிறிவிட்டது. "பூத்துருச்சே! வேலிக் கத்தாழ பூத்தா அதோட செத்துருமே புள்ள."

அவரை உட்காரவைத்துக் காட்டினேன். "கத்தாழைக்கு நடுக்குருத்துல தண்டு வருமுங்க. இது பக்கத்துல இருந்து வருது, பாருங்க. குருத்து அப்படியே இருக்குது. சாகாதுங்க."

அவர் கண் கடைசித் தொட்டிக்குப் போனது. என் கண்ணும் போனது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டேன்.

ஆனியில் மழை பிடித்தது. வெயிலையே காணோம், மூடுபனி வாசலை விட்டு நகரவில்லை. டைக்கியா குருத்திலிருந்து பச்சை ஏறி, சிவப்பு மெல்ல இலை நுனிக்கு ஒதுங்கியது. ஒருநாள் மலையிலிருந்து இறங்கி வந்த அக்கா, தலையில் போட்ட பிளாஸ்டிக் தாளோடு அப்படியே நின்று பார்த்தார்.

"அப்ப நீ சொன்னது நெசந்தானா?"

படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவராகவே சொன்னார். "ஒண்ணு செத்துருச்சு புள்ள. ரொம்பச் செவந்திருந்துச்சு. குளுருதேன்னு அடுப்பாண்ட வச்சுத் தெனமும் தண்ணி ஊத்துனேன். அழுகிப்போச்சு. வேலியில இருந்து இதப் பேத்து வச்சேன்."

"தெரியுமுங்கக்கா."

"எப்ப இருந்து?"

"வந்த அன்னிக்கே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சுக்கிட்டேதானா நான் சொமந்த வெறகெல்லாம் வாங்கி அடுக்குன?"

செத்த செடிக்கு ஈடாகத்தான் அவர் விறகு சுமந்தார் என்பது எனக்கும் தெரிந்தே இருந்தது. பெருந்தன்மை என்று நான் நினைத்திருந்தது அந்த ஒரு கேள்வியில் அசிங்கமாகிவிட்டது. 'ஒரு செடிதானே, போகட்டுமுங்க' என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அவர் அன்றே நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அக்கா பிளாஸ்டிக் தாளை இழுத்துப் போர்த்திக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. "நீதான் போகோணும்" என்றார் என் கணவர். டைக்கியாவின் பக்கக்கன்று ஒன்றைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனேன்.

"எனக்கு எதுக்குப் புள்ள? இன்னொரு வருசம் பயந்து சாகவா?" என்றார். சிரிக்கவில்லை. ஆனால் பலகையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"மன்னிச்சிருங்கக்கா" என்றேன்.

அவர் டீ ஆற்றிக் கொடுத்தார். நான் ஒரு வாய் குடித்ததும், "சீனி போதுமா?" என்று கேட்டார்.

சீனி குறைவாகத்தான் இருந்தது. "இன்னும் கொஞ்சம் போடுங்கக்கா" என்றேன்.